நாலாம் நம்பர் அறையில் ஆள் இருந்தார்

1

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு இப்போது பத்து மாதம். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாளாம். அதனால்தான் இதை என்னால் நிதானமாக உட்கார்ந்து எழுத முடிகிறது.

மரக்காணத்தில் ஒரு சிறிய பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது. என் அக்கா பிலோமினா அங்கே இருபது வருடமாக நர்ஸ். போன வருடம் விடுமுறைக்குப் போனபோது அந்த ஆஸ்பத்திரிச் சுவர்களில் நானும் எலக்ட்ரீஷியன் தேசிங்கும் சேர்ந்து சில வெள்ளைப் பெட்டிகளை மாட்டினோம். இந்த வாரத்தோடு ஒரு வருடம் முடிகிறது. ஒவ்வொரு அறையும் எவ்வளவு சூடாக இருக்கிறது, எந்த இயந்திரம் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அந்தப் பெட்டிகள் கணக்கெடுத்து அனுப்புகின்றன. ஜெர்மனியில் காஸெல் நகரத்தில், நாலாவது மாடியில் இருக்கும் எங்கள் சமையலறையிலிருந்து கைப்பேசியில் அதை நான் பார்க்கலாம். தேவைப்பட்டால் இங்கிருந்தே ஓர் ஏசியை நிறுத்தலாம், போடலாம்.

இதைப் பெருமையாகத்தான் சொல்லித் திரிந்தேன். இப்போது பெருமை கொஞ்சம் குறைந்திருக்கிறது. நிம்மதி கூடியிருக்கிறது.

2

இங்கே வந்து பதினேழு வருடம் ஆகிறது. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ, ஊரில் சில வருட வேலை, முப்பது வயதில் கல்யாணம், விசா, விமானம். என் படிப்பு இங்கே செல்லுமா என்று கேட்கப் போனபோது அலுவலகத்தில் இருந்தவர் என் காகிதங்களை வெகுநேரம் புரட்டினார். பிறப்புச் சான்றிதழில் ஊர்ப் பெயர் பழைய ஆங்கில எழுத்தில் ‘மெர்க்காணம்’ என்று இருந்தது. மதிப்பெண் பட்டியலில் ‘மரக்காணம்’.

“நீங்கள் பிறந்தது ஓர் ஊர், படித்தது இன்னோர் ஊரா?”

“இல்லை, இரண்டும் ஒன்றுதான்.”

“அதை யார் சொல்கிறார்கள்?”

நான்தான் சொல்கிறேன் என்றேன். அது போதாதாம். சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரின் முத்திரையோடு ஒரு கடிதம் வேண்டும். அவர் கோபமாகப் பேசவில்லை, சிரிக்கவும் இல்லை. என் ஊர் என் ஊர்தான் என்று நிரூபிக்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. அப்புறமும் டிப்ளமோவை முழுதாக ஏற்கவில்லை. முப்பத்தோரு வயதில், பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து மூன்று வருடம் மறுபடி தொழில் படித்தேன்.

இப்போது ஒரு வீட்டுவசதி சங்கத்தில் வேலை. எங்கள் பொறுப்பில் இருக்கும் அடுக்குமாடிக் கட்டடங்களில் வீடுகளுக்குச் சூடு போகும் குழாய்கள் வீணாகக் கொதிக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. வெயில் வந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் பாய்லர், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஹீட்டரை முறுக்கிவிடும் வீடு, எல்லாம் திரையில் தெரிந்துவிடும்.

சேர்ந்த முதல் குளிர்காலத்தில் ஒரு நிலவறையில் மீட்டர் மாட்டிக்கொண்டிருந்தபோது கூட வேலை பார்க்கும் சபீனாவிடம், “இஷ் பின் கால்ட்” என்று நடுங்கிக்கொண்டே சொன்னேன். அவள் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நான் இரக்கமில்லாதவள், கல்நெஞ்சுக்காரி என்ற பொருள் வருமாம். “மிர் இஸ்ட் கால்ட்” என்று சொல்ல வேண்டும். அதாவது, எனக்குக் குளிராக இருக்கிறது. அட, இது நம்ம தமிழ்தானே! பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தை நடுவில் நுழையவிட்டதால் வந்த வினை. அன்றிலிருந்து ஜெர்மன் பேசும்போது ஆங்கிலத்தைத் தள்ளிவிட்டு நேராகத் தமிழிலிருந்து தாண்ட முயல்வேன். பாதி சமயம் சரியாக இறங்குவேன்.

இங்கே ஒரு வீட்டுக்குள் சென்சார் வைக்க வேண்டுமென்றால் முதலில் கடிதம் போட வேண்டும். அது எதை அளக்கும், எதை அளக்காது, யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று நாலு பக்கம். குடியிருப்பவர் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே போகலாம். ஒரு கட்டடத்தில் மூன்றாம் மாடித் தாத்தா ஒருவர் இரண்டு வருடமாக மறுத்துக்கொண்டிருக்கிறார். அவர் வீட்டு ஹீட்டரை இன்றும் அவரே கையால் திருப்புகிறார். எனக்கு எரிச்சலாக வரும். இவ்வளவு நல்ல விஷயத்துக்கு எதற்கு இத்தனை காகிதம் என்று நினைப்பேன்.

3

போன வருடம் மே மாதம் ஊருக்குப் போயிருந்தேன். என் பெண் லீனாவும் வந்திருந்தாள். அவளுக்குப் பதினைந்து வயது.

போய் இறங்கின மூன்றாம் நாள் அக்கா டியூட்டி முடிந்து வந்து, புடவையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளிறியிருந்தது.

“இன்னாக்கா?”

“குழந்தை தலை தெரியுது, அந்த நேரம் பாத்து மெயின் ட்ரிப் ஆயிடுச்சுடி. ஜெனரேட்டர் கைல சுத்தி ஸ்டார்ட் பண்ணணும். வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிட்டாரு. என் செல்போன் லைட்ல பாத்து டாக்டரம்மா குழந்தைய எடுத்தாங்க.”

“குழந்தை?”

“நல்லா இருக்குது. ஆனா இது இந்த மாசத்துல மூணாவது வாட்டி.”

மறுநாள் அவளோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆறு அறை, ஒரு லேபர் வார்டு. ஆரம்பத்தில் இரண்டு கட்டிலோடு நடந்த இடம். மின் இணைப்பும் அந்தக் காலத்து அளவுக்கு வாங்கியது. அதற்குப் பிறகு ஏசிகள் வந்தன. கீசர் வந்தது, போர் மோட்டார் வந்தது, கருவிகளைக் கொதிக்க வைக்கும் இயந்திரமும் வந்தது. மத்தியானத்தில் எல்லாம் ஒன்றாக ஓடினால் மெயின் தாங்காது. பெரிய இணைப்புக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதற்குத் தெருவில் புது டிரான்ஸ்ஃபார்மர் வர வேண்டும்.

டாக்டரம்மா தன் அறையில் என்னை உட்காரவைத்துப் பேசினார். அறுபது வயதிருக்கும். “எனக்கு பயமா இருக்கும்மா. பிரசவம் பாக்கறத நிறுத்திட்டு, சும்மா செக்கப் மட்டும் வெச்சிக்கலாமான்னு யோசிக்கிறேன். வலி வந்தா எல்லாரும் பாண்டிச்சேரிக்கோ திண்டிவனத்துக்கோ போகட்டும்” என்றார்.

பின்னால் நின்ற அக்கா என்னைப் பார்த்தாள். உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களும் குப்பத்துப் பெண்களும் வருகிற ஆஸ்பத்திரி அது. வலி வந்த பிறகுதான் கிளம்புவார்கள். அவர்களை இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப் போ என்றால் பாதிப் பேருக்கு வழியிலேயே ஆகிவிடும்.

நான் கட்டடத்தை ஒரு சுற்று சுற்றினேன். ஆள் இல்லாத ஆறாம் நம்பர் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் நம்பரில் பதினெட்டு டிகிரி வைத்துவிட்டு, குளிர் தாங்காமல் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். குளித்து முடித்து யாரோ அணைக்காமல் விட்ட கீசர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் சம்பளம் வாங்கிக்கொண்டு தினமும் பார்க்கும் வேலைதான் இது. ஊர்தான் வேறு.

“நான் பண்ணித் தரேன் டாக்டர்” என்றேன்.

4

தேசிங்கு அண்ணனை அக்காதான் கூட்டி வந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நான் பாண்டிச்சேரியில் வாங்கி வந்த பெட்டிகளில் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவருக்கு முதலிலிருந்து விளக்க வேண்டும் என்று நினைத்து ஆரம்பித்தேன்.

“தெரியும்மா. எடையஞ்சாவடியில இருந்துகினு ஆரோவில்ல பதினோரு வருஷம் வயரிங் பண்ணேன். இந்த மாதிரி எவ்ளோவோ மாட்டியிருக்கறேன். எவ்ளோவோ கழட்டியும் இருக்கறேன்.”

“எதுக்குக் கழட்டினீங்க?”

“உப்புக் காத்துமா. ஆரோவில்லயே தாங்கல. இங்க பாத்தின்னா எதிர்லயே உப்பளம். ஆறு மாசத்துல உள்ள செம்புல பச்சை பூத்துடும்.”

அவர் சொல்லித்தான் பெட்டிகளைக் கடல் பக்கத்துச் சுவரில் வைக்காமல் உள்சுவரில் வைத்தோம். ஒவ்வொன்றையும் ரப்பர் வளையம் போட்ட இன்னொரு டப்பாவுக்குள் அடைத்தார். வயர் நுழையும் ஓட்டைகளை அடைத்து, முனைகளில் வாஸலின் தடவினார். அதோடு விடவில்லை. மொட்டைமாடிக்கு என்னை ஏறச் சொல்லி, தளத்தில் கையை வைக்கச் சொன்னார். வைக்க முடியவில்லை.

“இவ்ளோ சூட்ட தலைமேல வெச்சிகினு கீழ ஏசிய அடக்குறேன்னா எப்டிமா? மொதல்ல வெயில நிறுத்து. அப்புறம் உன் மிஷின மாட்டு.”

அவர் சொன்னது சரி. தளத்துக்கு வெள்ளைப் பூச்சு அடித்தோம். மேற்குச் சுவருக்கு நிழல் வலை கட்டினோம். அதிலேயே அறைகளில் மூன்று டிகிரி இறங்கியது.

பிறகு என் ஏற்பாடு. லேபர் வார்டில் கை வைக்கவே இல்லை. அங்கே விளக்கு எரிந்தால் அந்த நேரம் மோட்டாரும் கீசரும் காத்திருக்கும். மொத்த மின்சாரம் எல்லையைத் தொடப்போனால் ஏசிகள் முறைவைத்துக் கால் மணி நேரம் ஓய்வெடுக்கும். எந்த அறையிலும் இருபத்தாறுக்குக் கீழே வைக்க முடியாது. இதெல்லாம் நன்றாகவே வேலை செய்தது, இன்றும் செய்கிறது.

இன்னொன்றும் செய்தேன். ஒவ்வொரு அறையிலும் அசைவைக் கண்டுபிடிக்கும் சென்சார் வைத்தேன். அரைமணி நேரம் அறையில் ஒன்றும் அசையாவிட்டால் அங்கே ஆள் இல்லை என்று எடுத்துக்கொண்டு அது ஏசியை நிறுத்திவிடும். காஸெலில் அலுவலகக் கட்டடங்களில் இப்படித்தான் வைத்திருக்கிறோம். ஆறாம் நம்பர் அறையை மனத்தில் வைத்துக்கொண்டு எல்லா அறைக்கும் அதையே வைத்தேன்.

லீனா ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜெர்மன் வார்த்தைகளின் வரிசையில் தமிழைப் பேசுபவள். “மாமா, நீ கேட்டியா இங்க தூங்குற ஆன்ட்டிங்ககிட்ட?” என்றாள்.

‘மாமா’ என்றால் நான்தான். ஜெர்மனில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் போனில் அவள் “மாமா சமைக்குது” என்று சொல்ல, அக்கா “எந்த மாமாடி அது உங்க வீட்ல?” என்று பதறியிருக்கிறாள்.

“என்ன கேக்கணும்?”

“பெட்டி மாட்டலாமா, வேணாமான்னு.”

“இங்கெல்லாம் அப்படிக் கேக்க மாட்டாங்கடி.”

“அவங்க கேக்க மாட்டாங்களா, நீ கேக்க மாட்டியா?”

வெயிலில் எனக்குப் பொறுமை இல்லை. ஏணியை ஒழுங்காகப் பிடி என்றேன்.

5

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை. காஸெலில் காலை பத்தரை, அங்கே மத்தியானம் இரண்டு. அலுவலகக் கணினியில் ஒரு ஜன்னலில் எங்கள் கட்டடங்களும் இன்னொரு ஜன்னலில் என் ஆஸ்பத்திரியும் திறந்திருந்தன. நாலாம் நம்பர் அறையில் ஆள் இல்லை, ஏசி நின்று நாற்பது நிமிடம் ஆகிறது என்று காட்டியது. சூடு முப்பத்து மூன்றுக்கு ஏறியிருந்தது. காலி அறைக்கு என்ன கவலை?

நான் சபீனாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “பார், என் ஊரில் காலி அறை தானாகவே மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறது.” அவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனாள்.

இருபது நிமிடம் கழித்து அக்கா கூப்பிட்டாள். வேலை நேரத்தில் அவள் கூப்பிடவே மாட்டாள்.

“ஸ்டெல்லா, நாலாம் நம்பர்ல ஏசிய நீயா நிறுத்துன?”

“ஆள் இல்லன்னு அதுவே நிறுத்தியிருக்கும்க்கா.”

“ஆள் இல்லையா? அஞ்சலை இருக்குறாடி உள்ள! நேத்துதான் சிசேரியன் ஆச்சு. அசையாம படுன்னு நான்தான் சொன்னேன். அவ ஆத்தாக்காரி சாப்பாடு வாங்கப் போயிருக்குது. குழந்தைய நெஞ்சுமேல போட்டுகினு அப்டியே கெடந்திருக்குறா. ரெண்டும் வேர்த்து நனைஞ்சு போயிருக்குது.”

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

“குழந்தைக்கு உடம்பு கொதிக்குது. முப்பத்தெட்டத் தாண்டிடுச்சு. பால் குடிக்க மாட்டேங்குது. அறை சூட்டுலயா, இல்ல ஏதாச்சும் இன்ஃபெக்‌ஷனான்னு தெரியலன்னு டாக்டரம்மா சொல்றாங்க. துணியெல்லாம் எடுத்துட்டோம். வேற ரூமுக்கு மாத்திட்டோம். ஒரு மணி நேரத்துல இறங்கலன்னா பாண்டிச்சேரிக்கு அனுப்பணும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லி வெச்சாச்சு.”

“அக்கா…”

“எல்லாத்தையும் கையால போடுற மாதிரி மாத்திடு. இப்பவே.”

மாற்றினேன். ஆறு அறைகளுக்கும் ஆறு முறை அழுத்த வேண்டும். மூன்றாவதில் அவசரத்தில் வேறெதையோ தொட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

பிறகு எனக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு ஓர் ஏசியை நிறுத்த முடிந்த என்னால் ஒரு குழந்தையின் நெற்றியில் கை வைக்க முடியவில்லை. திரையில் நாலாம் நம்பர் அறை இப்போதும் ‘ஆள் இல்லை’ என்றே காட்டியது. முன்பும் அதையேதான் காட்டியது. பொய் எது, உண்மை எது என்று அதற்குத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

சபீனா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் என் நாற்காலிக்குப் பக்கத்தில் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, தன் வேலையை அங்கேயே உட்கார்ந்து பார்த்தாள்.

ஐம்பது நிமிடத்தில் அக்காவின் குரல் செய்தி வந்தது. பின்னால் யாரோ பேசும் சத்தம், பாத்திரம் வைக்கும் சத்தம். “இறங்கிடுச்சுடி. முப்பத்தேழுக்கு வந்துடுச்சு. இப்போ பால் குடிக்குது. நல்லா இழுத்து இழுத்துக் குடிக்குது. இன்ஃபெக்‌ஷன் இல்ல, அறை சூடுதான்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ராத்திரி வரைக்கும் பக்கத்துலயே வெச்சிப் பாப்போம். நீ ஏதாச்சும் சாப்புடு.”

அதை இரண்டு தடவை கேட்டேன். சபீனாவுக்கு மொழி புரியாது. ஆனால் அவளும் மூச்சை விட்டாள். நான் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதுவிட்டு வந்தேன்.

6

இரண்டு நாள் கழித்து அக்காவின் போனில் அஞ்சலையிடம் பேசினேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். அஞ்சலைக்கு இருபத்து மூன்று வயது. கிளியனூரில் பிறந்தவள், மரக்காணத்தில் உப்பளத்து வேலைக்காரர் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். பிரசவத்துக்கு இரண்டு மாதம் முன்புவரை அவளும் உப்பு வாரியவள்தான். திரையில் குழந்தையின் தலையும் அவள் கழுத்தும் மட்டும் தெரிந்தன.

தப்பு என்மேல்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கூச்சமாகச் சிரித்தாள்.

“பரவால்லக்கா. அதான் சரியாயிடுச்சே.”

“ஏசி நின்னப்போ நீ ஏம்மா யாரையும் கூப்பிடல? கட்டில் பக்கத்துல மணி இருந்துச்சே?”

“அது வலி வந்தா அழுத்தறதுக்குன்னு சிஸ்டர் சொன்னாங்க. வேர்க்குதுன்னு போய் அழுத்துவாங்களா?”

“அப்போ என்னதான் நெனச்ச?”

“நமக்கு இவ்ளோ நேரந்தான் போல, அடுத்த ரூமுக்குப் போட்டுட்டாங்க போலன்னு நெனச்சேன்க்கா. காலைலேர்ந்து சில்லுனுதான இருந்துச்சு. அதுவே பெருசு. பாத்தியில நிக்கிற வெயிலுக்கு இதெல்லாம் ஒரு சூடா? புள்ளைக்குத்தான் ஆவலன்னு எனக்குத் தெரியல.”

சென்சார் செய்த தப்பை இரண்டு நிமிடத்தில் திருத்திவிடலாம். அவள் சொன்ன அந்தப் பதிலை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆள் இல்லை என்று பெட்டி முடிவு செய்தது. அதற்கு முன்பே, இந்த இடம் எனக்கானது இல்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள். இரண்டும் சேர்ந்துதான் அந்த அறை அப்படிக் கொதித்தது. இங்கே அந்த மூன்றாம் மாடித் தாத்தா நாலு பக்கக் காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அடம் பிடிக்கிறார் என்றால், அது தன் வீடு, தன் சூடு, தன்னைக் கேட்காமல் யாரும் தொடக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் காகிதங்கள்மேல் எனக்கிருந்த எரிச்சல் அன்றோடு போயிற்று.

சாயங்காலம் வீட்டில் லீனாவிடம் சொன்னேன். நான்தான் அப்பவே சொன்னேனே என்று அவள் சொல்லிக்காட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே யோசித்துவிட்டு, “நான் எழுதட்டுமா?” என்றாள்.

“என்ன எழுதுவ?”

“ஆன்ட்டிங்களுக்கு லெட்டர். தமிழ்ல. ஆனா நாலு பக்கம் இல்ல.”

பதினோரு வயதில் தமிழ் வகுப்புக்கு இனி வர மாட்டேன் என்று சண்டை போட்டு நின்றவள் அவள். எனக்கு அது ஒரு தோல்வியாகவே மனத்தில் கிடந்தது. அந்த வாரம் முழுக்கப் பழைய வகுப்பு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, என்னிடம் ஒரு எழுத்துக்கூடக் கேட்காமல் ஐந்து வரி எழுதினாள். படம் எடுத்துப் பெரியம்மாவுக்கு நேராக அனுப்பிவிட்டாள். நான் பார்த்தபோது அது அச்சாகி எல்லா அறையிலும் ஒட்டியாகிவிட்டது.

“இந்தப் பேட்டி உங்களைப் பார்க்காது. நீங்கள் பேசுவதைக் கேட்காது. சூடு எவ்வளவு என்று மட்டும் பார்க்கும். வேண்டாம் என்றால் சிஸ்டரிடம் சொல்லுங்கள். உங்களுக்கு வேர்த்தால் பச்சைப் பொத்தானை அழுத்துங்கள், அது உங்களுடையது.”

பெட்டி, ‘பேட்டி’ ஆகியிருந்தது. மாற்றி ஒட்டச் சொன்னேன்.

“இருக்கட்டும்டி” என்றாள் அக்கா. “பேட்டியா, எங்கள பேட்டி எடுக்குதான்னு கேட்டு எல்லாம் சிரிக்குதுங்க. சிரிச்சிகினே மீதியையும் படிச்சிடுதுங்க. படிக்கத் தெரியாதவங்களுக்கு நான் படிச்சிக் காட்டுறேன்.”

பச்சைப் பொத்தான் தேசிங்கு அண்ணன் வைத்தது. தாய் தங்கும் அறைகளில் அசைவு சென்சாரைக் கழற்றிவிட்டோம். அதற்குப் பதிலாகக் கட்டிலில் படுத்தபடி கையை நீட்டினால் எட்டுகிற இடத்தில், உள்ளங்கை அளவில் ஒரு பொத்தான். ஒரு தடவை அழுத்தினால் ஏசி ஓடும். மறுபடி அழுத்தினால் இன்னும் கொஞ்சம் குளிரும். அவர் அதை மாட்டி முடித்துவிட்டு, தானே கட்டிலில் படுத்து, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் எட்டுகிறதா என்று பார்த்தாராம். ஓர் அங்குலம் கீழே இறக்கி மறுபடி மாட்டினாராம்.

7

இந்த வருடம் மார்ச் மாதத்தில் ஒரு நாள் காலை. நான் டிராமில் அலுவலகம் போய்க்கொண்டிருந்தேன். வெளியே பனித்தூறல். கைப்பேசியில் ஆஸ்பத்திரியின் கோடு விறுவிறுவென்று ஏறியது. லேபர் வார்டில் விளக்கு. ஏசிகள் எல்லாம் ஓடுகின்றன. கருவிகளைக் கொதிக்க வைக்கும் இயந்திரமும் சேர்ந்துகொண்டது. மோட்டார் ஓட வேண்டிய நேரம் அது. ஓடவில்லை, காத்திருந்தது. கீசரும் காத்திருந்தது. பிறகு ஒவ்வோர் அறையாக ஏசி கால் மணி நேரம் ஓய்ந்து, மறுபடி தொடங்கியது. கோடு எல்லைக்கு ஒரு விரல்கடை கீழே வந்து நின்றது. அப்படியே நின்றது.

இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே ஈரத்தில் நடந்தேன்.

அலுவலக வாசலுக்கு வந்தபோது அக்காவின் செய்தி. “ஒரே நேரத்துல ரெண்டு பிரசவம்டி. ஒண்ணு பையன், ஒண்ணு பொண்ணு. லைட் ஒரு தடவ கூட கண்ணடிக்கல. டாக்டரம்மா கைய கழுவிகினே இன்னா சொன்னாங்க தெரியுமா? இனிமே செக்கப் மட்டும்னு யாரும் எங்கிட்ட பேசாதீங்கன்னாங்க.”

அப்படிப் பேசியதே அவர் ஒருவர்தான். ஆனால் அதை அவரிடம் யார் சொல்வது!

தெருவுக்குப் புது டிரான்ஸ்ஃபார்மர் வருவதாகச் சொல்கிறார்கள். வரட்டும். அதுவரை இது தாங்கும்.

8

இன்று சனிக்கிழமை. காபியோடு உட்கார்ந்து பார்த்தபோது இரண்டாம் நம்பர் அறையின் கோடு திடீரென்று மேலே எழும்பியிருந்தது. யாரோ பச்சைப் பொத்தானை இரண்டு தடவை அழுத்தியிருக்கிறார்கள். அக்காவைக் கூப்பிட்டேன்.

“குப்பத்துப் பொண்ணுடி. நேத்து ராத்திரிதான் டெலிவரி ஆச்சு. எப்டி இருக்குதுன்னு கேக்கப் போனா, ‘சிஸ்டர், பட்டன நானே ரெண்டு வாட்டி அழுத்திகினேன். இப்போ நல்லாக்குது. ஆனா அந்த ஃபேன் கடகடன்னு கத்துது, புள்ள தூங்க மாட்டேங்குது. ஆள வரச் சொல்லி சரி பண்ணிக் குடுங்க’ன்னு அதிகாரமா சொல்றா. எங்கிட்டயே!”

“நீ இன்னா சொன்ன?”

“இன்னா சொல்றது? சரிம்மான்னேன்.”

அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். எங்கே எவ்வளவு மின்சாரம் குறைந்தது என்று கணக்குக் காட்டித்தான் எனக்குப் பதின்மூன்று வருடமாகச் சம்பளம் வருகிறது. மேலே போன ஒரு கோட்டைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

போனை வைத்ததும் தேசிங்கு அண்ணனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். இரண்டாம் நம்பர் அறை, ஃபேன் சத்தம், அந்தப் பெண் உடனே பார்க்கச் சொல்கிறாள்.